இறக்கை நுனிக்கு ஆள் வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உச்சிப்புளி கடற்படை விமான தளத்துக்குப் பயணிகள் விமானம் வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் ஓடுபாதை நீளத்தையே பேசுகிறோம். விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் இணைப்புப் பாதையும் நிறுத்துமிடமும் அதே அளவு முக்கியம்.

ஏ320 என்ற பயணிகள் விமானத்தின் இறக்கை விரிவு சுமார் 36 மீட்டர். பெரிய விமானங்கள் பலவற்றில் விமானியின் இருக்கையிலிருந்து இறக்கை நுனி தெரியாது. பாம்பனில் விசைப்படகைத் திருப்பும்போது பின்பக்கம் வெளியே வீசுமே, அதுபோல பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனியும் திருப்பத்தில் வெளியே வீசும். முன்சக்கரம் பாதையின் நடுவே வரைந்த மஞ்சள் கோட்டின் மேலேயே இருந்தாலும், பக்கத்து விமானம் தன் நிறுத்தக் கோடு வரை போகாமல் நின்றிருந்தால் அதன் வால் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். 2011இல் நியூயார்க்கில் ஏ380 என்ற மிகப் பெரிய பயணிகள் விமானம் ஒன்றின் இறக்கை நுனி, நின்றிருந்த சிறு விமானத்தின் வாலில் பட்டு அதை அப்படியே சுழற்றிவிட்டது.

நிறுத்துமிடத்தில் ஏ320 வகைக்கு அடுத்த விமானத்துடன் குறைந்தது 4.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்கு மேலும் தாராளமாக விடுவது நல்லது. விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது இரு இறக்கைக்கும் ஒவ்வோர் ஆள் நடந்து வர வேண்டும். ஒருவரின் கை சைகை மறைந்தாலும் விமானத்தைத் தள்ளும் வண்டி உடனே நிற்க வேண்டும்.

ஓடுபாதை வாசலில் சிவப்பு நிறுத்த விளக்குகளும் தேவை. 2024 ஜனவரியில் டோக்கியோ ஹனேடாவில், அனுமதி கிடைத்ததாக நினைத்து ஓடுபாதைக்குள் நுழைந்த கடலோரக் காவல் விமானத்தின் மீது பயணிகள் விமானம் மோதி 5 பேர் இறந்தனர். அன்று அங்கே அந்த விளக்குகள் பயன்பாட்டில் இல்லை.

வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்