தறிச் சத்தம் இல்லாத ஊரில் தூங்குவது எப்படி: கோத்தகிரிக்கு வந்த தங்கைக்கு

அன்புள்ள அம்மிணி,

மாற்றலாகி வந்து மூன்று வாரமாகியும் ராத்திரி இரண்டு மணி வரை புரண்டுகொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். ஊர் இவ்வளவு அமைதியாக இருந்தும் ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்டிருந்தாய். அமைதியாக இருப்பதால்தான் வரவில்லை. சோமனூரில் பிறந்த நாளிலிருந்து பக்கத்து விசைத்தறியின் தடதடப்பில் தூங்கிப் பழகிய காது உன்னுடையது. சுவர் தாண்டி வந்த அந்தச் சத்தம் மற்ற சில்லறைச் சத்தங்களையெல்லாம் மூடிவிடும். போதாததற்குத் தலைக்கு மேல் ஃபேன் வேறு. கோத்தகிரி வாடகை வீட்டில் ஃபேன் மாட்டக் கொக்கிகூட இருக்காது. கரடி வாடைக்கு நாய் குரைத்தாலும், காற்றில் தகரம் ஒருமுறை அடித்தாலும், அது மட்டும் தனியாகக் காதில் விழும்.

தூக்கத்தைக் கலைப்பது சத்தத்தின் அளவு மட்டுமல்ல. அதுவரை இருந்த அமைதிக்கும் சட்டென்று எழும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளிதான் ஆளை எழுப்பிவிடுகிறது. படுக்கையறைக்குள் தொடர்ந்து வரும் சத்தம் 30 டெசிபலையும், தனித்து எழும் சத்தம் 45 டெசிபலையும் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் அடைக்க முடிந்த சத்தத்தை முதலில் அடை. மிச்சத்தை மட்டும் இன்னொரு சத்தத்தால் மூடு.

தகரக் கூரையில் மழை பெய்யும்போது தூக்கம் வருகிறது, விட்டதும் விழிப்பு வந்துவிடுகிறது என்கிறாயே, அதற்குக் காரணம் சொட்டு. மழை ஒரே சீராக விழும். சொட்டு விட்டுவிட்டு விழும். அடுத்தது எப்போது என்று மனசு காத்துக்கொண்டே இருக்கும். கூரை விளிம்பில் சொட்டும் இடத்தில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கீழே இருக்கும் பக்கெட்டுக்குள் விடு. தண்ணீர் கயிற்றோடு வழிந்து சத்தமில்லாமல் இறங்கும். கயிறு தொய்யாமல் இருக்க முனையில் ஒரு கல் கட்டு. தொய்ந்தால் நடுவிலேயே சொட்டும். பக்கெட் அடியில் பழைய கோணித்துண்டைப் போடு. தகரம் அடிப்பது பெரும்பாலும் அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட் தளர்ந்ததால்தான். வாஷர் காய்ந்து சுருங்கினால் தகரத்துக்கும் போல்ட்டுக்கும் இடைவெளி விழும், காற்றில் தூக்கித் தூக்கி அடிக்கும். வீட்டுக்காரரிடம் சொல்லி வாஷரை மாற்றி முறுக்கச் சொல். ஈரத் தகரத்தில் நீ ஏறாதே. கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் மழை அதிகம், அதற்குள் முடித்துவிடு.

இனி மூடும் சத்தம். ஒயிட் நாய்ஸ் என்பது கீழ்ச்சத்தம் மேல்சத்தம் எல்லாம் ஒரே அளவில் கலந்த இரைச்சல்; குக்கர் விசில் வருவதற்குமுன் வரும் 'உஸ்' மாதிரி, கொஞ்சம் கூர்மையானது. பிங்க் நாய்ஸில் ஒவ்வொரு ஸ்தாயி (அதிர்வெண் இரண்டு மடங்காவது) மேலே போகும்போதும் 3 டெசிபல் குறையும், சீரான மழை போலிருக்கும். பிரவுன் நாய்ஸில் 6 டெசிபல் குறையும்; கேத்தரின் அருவியைத் தள்ளி நின்று கேட்பது போல. உனக்கு பிங்க் போதும். போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச்சத்தம் வராது, அதில் பிரவுன் நாய்ஸ் போட்டாலும் வெறும் உஸ்தான் கேட்கும். ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால் சார்ஜரில் போட்டே வை. இல்லாவிட்டால் விடிகாலை மூன்று மணிக்கு 'பேட்டரி லோ' என்று அதுவே உன்னை எழுப்பும். பத்து நொடித் துணுக்கைத் திரும்பத் திரும்ப ஓடவிடாதே. ஒட்டும் இடத்தில் வரும் 'டிக்'கைக் காது இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடும். குறைந்தது ஒரு மணி நேரம் ஓடும் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு, போனை ஏரோபிளேன் மோடில் போடு. ஆன்லைனில் ஓடவிட்டால் நடுவில் விளம்பரம் கத்தும், மலையில் சிக்னலும் நிற்காது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் டயல் வைத்த பழைய ரேடியோ ஒன்று வாங்கு. எஃப்.எம்.மில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நிறுத்தினால் வரும் இரைச்சல் அருமையான மூடி. தலையணைக்கு ஆறேழு அடி தள்ளி, சத்தம் உள்ளே வரும் ஜன்னல் பக்கமாக வை. வாசலில் நின்று ஒருவர் சாதாரணமாகப் பேசினால் படுத்தபடியே உனக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் வால்யூம். போனில் சத்தம் அளக்கும் டெசிபல் ஆப்பில் 40-ஐ ஒட்டி இருக்கட்டும், 50 தாண்டவே கூடாது. முதலில் சொன்ன 30-ஐ விட இது அதிகம்தான்; மிச்சச் சத்தத்தை மூடத்தான் இது, அதனால் குறைத்தே போதுமானால் குறைத்து வை. இதை விடிய விடிய ஓடவிடு. ஒரு மணி நேரத்தில் நிற்கும்படி டைமர் வைத்தால், நாய் குரைக்கும் மூன்று மணிக்கு மூடும் சத்தம் இருக்காது.

பாட்டுக்கு இது நேர்மாறு. பாட்டு தூக்கத்துக்குள் கொண்டுபோய் விடுவதற்கு, தூக்கத்தைக் காப்பதற்கு அல்ல. 45 நிமிட டைமர், சத்தம் மெல்லத் தேய்ந்து நிற்கும்படி. தெரிந்த சினிமாப் பாட்டு வேண்டாம். வரிகள் இல்லாத வாத்திய வடிவம் பரவாயில்லை என்று தோன்றும். 2021-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வில் அதுதான் மண்டைக்குள் அதிகம் சுழன்றது தெரியவந்தது. விட்ட வரியை மனசே பாடிக்கொள்ளும் போல. நம் தாலாட்டின் ராகமான நீலாம்பரியில் வீணை ஆலாபனை மட்டும் கேள். மிருதங்கம் சேரும் இடத்துக்கு முன்னால் வெட்டிவிடு, கைதட்டலையும் வெட்டு. இன்னும் எளிது தம்பூரா ஆப்: ஒரு கட்டை சுருதியில் வைத்துத் தாழ்வாக ஓடவிடு. எதுவானாலும் மூன்று வாரம் அதையே கேள். தினம் ஒன்றை மாற்றினால் காது பழகவே பழகாது.

குளிரையும் பார். உள்ளுடம்பின் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் வரும். அந்தச் சூடு வெளியேறுவது கைகால் வழியாக. பாதம் சில்லிட்டிருந்தால் ரத்தக்குழாய் சுருங்கி வழி அடைபடும். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன் வெந்நீரில் பத்து நிமிடம் குளி, பிறகு கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள். ரப்பர் வெந்நீர்ப் பையில் கொதிநீரை அப்படியே ஊற்றாதே. கொஞ்சம் ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றைப் பிதுக்கி மூடி, துணியில் சுற்றிக் கால்மாட்டில் வை. கண் சொக்கும்போது எடுத்துவிடு.

கரி அடுப்பை மட்டும் படுக்கையறைக்குள் கொண்டுவராதே அம்மிணி. புகை இல்லை, வெறும் தணல்தானே என்று யார் சொன்னாலும் கேட்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், அப்புறம் தூக்கம் மாதிரியே வரும். ஜன்னலை இறுக மூடிக்கொண்டு தணலோடு படுத்தவர்கள் மலையில் காலையில் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். இன்னொரு கம்பளி வாங்கிக்கொள், காசு போனால் போகட்டும்.

பர்லியார் சாதிக்காய் கிடைக்கிறது, பாலில் போடலாமா என்று கேட்டாய். ஒரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம். அளவு மீறினால் படபடப்பு, வாந்தி, பிதற்றல் வரை போகும். வேலை செய்யும் இடத்தில் தரும் சாயங்கால டீயையும் நாலு மணியோடு நிறுத்து. குடித்த கஃபீனில் பாதி உடம்பிலிருந்து இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

இருபது நிமிடம் போலப் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளி அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார், கண் சொக்கினால் திரும்பிப் போ. எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் ஆறு மணிக்கு எழுந்துவிடு, ஞாயிற்றுக்கிழமையும்தான். இத்தனைக்குப் பிறகும் மூன்று மாதம் வாரத்தில் மூன்று நாள் இப்படியே போனாலோ, தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்தாலோ, டாக்டரைப் பார். மாத்திரையை நீயாக வாங்காதே.

இன்றைக்குக் கயிற்றைக் கட்டு. ரேடியோவைச் சந்தை நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா