பெறப்பட்ட தேதி

அன்புள்ள கயல்விழிக்கு,

மூன்று ஞாயிறுகளாக நீ தொலைபேசியில் டெல்ஃப்டின் காற்றைப் பற்றியும் மிதிவண்டி பிரேக்கைப் பற்றியும் மட்டுமே பேசுகிறாய். உன் ஆய்வுக் கட்டுரையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று அம்மா என்னிடம் உறுதி வாங்கியிருப்பதால், நான் ஹென்றி ஓல்டன்பர்க்கைப் பற்றி எழுதுகிறேன்.

ஜெர்மனியின் பிரெமனில் பிறந்து லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் செயலாளரான அவர், 1665 மார்ச்சில் ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்சன்ஸ்’ இதழைத் தம் சொந்தப் பொறுப்பில் தொடங்கினார். பாரிஸில் ‘ஜுர்னால் தே சாவான்’ அதற்கு இரண்டு மாதம் முந்திவிட்டது. ஆனால் அதில் நூல் அறிமுகங்களே மிகுதி. அதுவரை அறிஞர்களுக்குக் கண்டதைச் சொல்லவும் அச்சம், சொல்லாமல் இருக்கவும் அச்சம்: சொன்னால் பிறர் தமதாக்கிக்கொள்வார்கள், சொல்லாவிட்டால் பிறர் முந்திவிடுவார்கள். கலிலியோ 1610இல் சனிக்கோளில் கண்டதை எழுத்துகளைக் கலைத்துப் புதிராக அனுப்ப, கெப்ளர் அதைச் செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் என்று கூட்டிப் படித்தார். ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக்கும் தம் சுருள்வில் விதியை 1676இல் இப்படியே பூட்டிவைத்து, இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் திறந்தார். ஓல்டன்பர்க் செய்தது எளிய காரியம்: கடிதம் வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, செய்தியை அச்சில் ஏற்றினார். யார் முந்தியவர் என்பதற்கு அந்தத் தேதியே சாட்சியாயிற்று. அயல்நாட்டாருடன் ஓயாமல் கடிதப் போக்குவரத்து வைத்திருந்ததால் ஐயத்துக்கு ஆளாகி 1667இல் லண்டன் கோபுரத்தில் சிறையிருந்தார். வெளியே வந்ததும் இதழைத் தொடர்ந்தார். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் டெல்ஃப்ட் ஊர்க்காரர் லேவன்ஹூக், லத்தீன் அறியாத துணி வணிகர், 1673 முதல் டச்சு மொழியில் எழுதிய கடிதங்களையும் ஓல்டன்பர்க்தான் மொழிபெயர்த்து வெளியிட்டார். நுண்ணோக்கியில் பார்த்தால் நீர்த்துளிக்குள் உயிர்கள் நீந்துவதாக வந்த 1676ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பலர் நம்பவில்லை. மறு ஆண்டு ஹூக் தம் கண்ணால் பார்த்த பிறகே நம்பினார்கள். அவை முடிந்த ஆராய்ச்சிகள் அல்ல, கயல், அவ்வப்போது கண்டவை. ஆனால் தம் மிகச் சிறந்த லென்சுகளின் செய்முறையை மட்டும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதம் நம் வீட்டில் யாருக்கு உண்டு என்பது உனக்கே தெரியும்.

ஆங்கில விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. மின்சாரத்தைப் பற்றி அவர் கண்டறிந்தவற்றில் பெரும்பகுதி 1879இல் மேக்ஸ்வெல் பதிப்பிக்கும் வரை தாள்களாகவே கிடந்தது. அதற்குள் அந்த விதிகளுக்குக் கூலும், ஓம் ஆகியோரின் பெயர்கள் நிலைத்துவிட்டன. குறையோடு இருந்தாலும் அனுப்பிவிட வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இவ்வளவு எழுதிய பிறகும் கை வேறு ஒன்றை எழுதத் துடிக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நீ எழுதிய கிணற்றடி எறும்புக் குறிப்பேட்டை மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு அனுப்பக் கேட்டபோது, பதினேழாம் நாளின் கணக்கு விடுபட்டிருக்கிறது, முழுமையான பிறகு பார்க்கலாம் என்றேன். அறிவியல் ஆசிரியரின் மகள் ஏட்டில் பிழை இருந்தால் சக ஆசிரியர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று பயந்தேன். உன் நலத்தை நான் நினைக்கவேயில்லை. நேற்று பீரோவிலிருந்து அந்த ஏட்டை எடுத்துப் பார்த்தேன். பதினேழாம் நாளின் ஓரத்தில், பென்சிலில், ‘மழை, எறும்பு இல்லை’ என்று நீ எழுதியிருக்கிறாய். அதை அன்று நான் படிக்கவே இல்லை.

ஏட்டை இத்துடன் அனுப்புகிறேன். நீ அதை என்னிடம் தந்த நாளை முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 2011 ஆகஸ்ட் 14 என்று நினைவு. தவறாக இருந்தால் திருத்திக்கொள்.

அன்புடன்,
அப்பா