முனிர்காவிலிருந்து அம்மாவுக்கு

புது டெல்லி,
மார்கழிக் கடைசி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. சாப்பிடுகிறேன், சளி இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர்க் காய் எல்லாம் கிடைக்கிறது. லீவு நாளில் மலை மந்திருக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வருகிறேன். கூட இருந்த பையன் காலி செய்துவிட்டான், இப்போது முழு அறையும் எனக்குத்தான்.

ஹீட்டர் வாங்கினாயா என்று கேட்டிருந்தாய். வாங்கவில்லை. அந்த அனல் அறையைக் காயவைத்துவிடும், மணி பிளான்டுக்கு இலை ஓரமெல்லாம் கருகும்.

செடி வந்த கதையைச் சொல்கிறேன். கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி போன கடிதத்தில் வந்தாளே, அவள்தான். மணி பிளான்டைத் திருடி வைத்தால்தான் காசு தங்குமாம். அதனால் ஒரு கொடியை நறுக்கிப் படிக்கட்டில் வைத்துவிட்டு, "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், எடுத்துக்கொண்டு ஓடு" என்றாள். ஓடினேன். கணுவுக்குக் கீழே வெட்டியிருந்தாள். அந்தக் கணு தண்ணீருக்குள் இருந்தால்தான் வேர் விடும். வெறும் இலையைப் போட்டால் இலை இருக்கும், கொடி வராது. பாட்டிலில் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். வேர் நீண்டதும் தொட்டிக்கு மாற்றிவிட்டேன்.

பச்சையும் வெள்ளையுமாக அவ்வளவு அழகு. ஆனால் அறை இருட்டாக இருந்தால் புது இலை வெறும் பச்சையாகத்தான் வரும். வெள்ளையில் பச்சையம் இல்லையே, அது சோறாக்காது. அதனால் வெளிச்சம் குறைந்தால் செடி வெள்ளையைக் கைவிட்டுவிடும். ஜன்னலோரம் வைத்தேன். நேர் வெயில் ஆகாது, இலை பொசுங்கும். பூர்வீகம் தாஹிதி பக்கத்து மூரியா தீவு, அதற்குக் குளிரும் ஆகாது. ராத்திரி 5, 6 டிகிரிக்கு இறங்குகிறது, அதனால் கண்ணாடியில் இலை படாமல் உள்ளே நகர்த்திவிடுகிறேன். இந்தக் குளிரில் 10, 15 நாளுக்கு ஒரு தண்ணீர் போதும், அதற்கு மேல் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

அக்காவுக்கும் ஒரு துண்டு கொடுக்கலாம். ஆனால் குட்டிப்பயல் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல். மென்றுவிட்டால் வாயெல்லாம் எரியும்.

பணம் இருக்கிறதா என்று கேட்டாயே, மணி பிளான்டே வீட்டில் இருக்கும்போது என்ன குறை? பொங்கலுக்கு மட்டும் வர முடியாது போலிருக்கிறது. செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

கோலத்தில் பூசணிப்பூ வைக்க இப்போது யார் சாணி பிடித்துத் தருகிறார்கள்? தம்பியா? அவன் சின்னதாகப் பிடிப்பான், பூ நிற்காது. போன வருஷம் வரை அது என் வேலை அம்மா. இங்கே நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து செய்யத்தான் ஒன்றும் இல்லை.

சரி, செல்வியின் தலைப்பொங்கல் சீர். வெண்கலப் பானையே எடுத்துவிடு, அலுமினியம் வைத்தால் அவள் மாமியார் வாய் சும்மா இருக்காது. கரும்பும் மஞ்சள் கொத்தும் மாமா தோட்டத்திலிருந்து வரட்டும். பானைக் கடையில் என் பேரில் எழுதிவைக்கச் சொல், மாசியில் கொடுத்துவிடலாம். சித்தப்பாவிடம் மட்டும் கேட்காதே. வரப்புத் தகராறு முடிகிற வரைக்கும் அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். பட்டா நகல் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது, தம்பியை எடுத்து வைக்கச் சொல்.

அப்பாவின் மாத்திரையை நிறுத்தாதே.

உன் மகன்,
குமார்