"மிளகாயும் காரம்தானே சார்?" – மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்குகிற பிள்ளையை எழுப்பி நம்மிடம் அனுப்பி வைத்த பெற்றோருக்கும் வணக்கம்.

போன வருடம் எத்தனை கூட்டம், எத்தனை தீர்மானம் என்று வரிசையாக வாசித்தேன். பின் வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள், அதில் ஒருவர் நம் பொருளாளர். அதனால் இந்த முறை வரவு செலவை அவரே எழுந்து நின்று வாசிப்பார், நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மரம் நட்டது, ரத்த தான முகாம், பொங்கல் கோலப்போட்டி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. நட்டதில் பாதி மரத்தை ஆடு தின்றது, அதுவும் வழக்கம்போல்தான். சொல்ல வேண்டியது பிள்ளைகளின் வேதியியல் வகுப்பைப் பற்றி.

முந்தைய வருடம் நாம் செய்தது வகுப்பே இல்லை, வித்தை காட்டல். ஆப்ப சோடாவில் வினிகரை ஊற்றி, குங்குமத்தைக் கலந்து எரிமலை பொங்குகிறது என்று காட்டினோம், பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த வாரம் "பொங்கினது என்ன வாயு?" என்று கேட்டால் "நுரை" என்றார்கள். சரி, முதலில் படிப்பு, அப்புறம்தான் செய்முறை என்று இந்த வருடம் மாற்றினோம். அரை மணி நேரம் ஒரு பிள்ளை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. அதுவும் சரிப்படவில்லை. மூன்றாவது வாரமே பாதிப் பேர் ஜன்னல் வழியாக மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எப்படிச் சரிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

வாசிப்பில் முதலில் முட்டியது சொற்களில்தான். நம்மிடம் வரும் பிள்ளைகளில் பாதி தமிழ் மீடியம், பாதி இங்கிலீஷ் மீடியம். ஒரு பக்கம் "கரைசல்" என்றால் மறு பக்கம் விழிக்கிறது, மறு பக்கம் "சொல்யூஷன்" என்றால் இந்தப் பக்கம் கணக்குக்கு விடை என்று நினைக்கிறது. இது நமக்குப் புதுச் சிக்கலும் இல்லை. அறிவியல் சொற்களுக்குத் தமிழ் கண்டுபிடிக்க 1916-இல் ஒரு சங்கம் தொடங்கியதே இதே சேலத்தில்தான், வக்கீலாக இருந்த ராஜாஜியும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கினார்கள். பிற்பாடு அவர் திண்ணை ரசாயனம் என்று வேதியியலுக்கே ஒரு புத்தகம் எழுதினார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நாம் இன்னும் கரைசலிலேயே நிற்கிறோம் என்று தலைவர் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

அமிலம், காரம் பாடத்தை வாசித்த அன்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "மிளகாயும் காரம்தானே சார்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவள் கேட்டதில் என்ன தப்பு? நாம்தான் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். வடமொழியின் க்ஷாரம் தமிழில் காரம் ஆகி, நாக்குக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பொதுவாக உட்கார்ந்துகொண்டது. "அப்படியானால் செய்து பார்த்துவிடு கண்ணு" என்றேன். மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காகிதத் துண்டுகள் இருந்தன, ஆய்வுக்கூடத்துக் காரம் பட்டால் அவை சிவக்கும். சோப்புத் தண்ணீர் பட்ட துண்டு செங்கல் நிறமானது, வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டது இன்னும் ஆழமான சிவப்பு, அதன் மேலேயே எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். பச்சை மிளகாயை நசுக்கிச் சாற்றை வைத்தாள், காகிதம் மஞ்சளாகவே இருந்தது. இன்னொரு முறை வைத்தாள், அதே மஞ்சள். "அப்ப இது பொய்க் காரம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குத் தெரிந்து இந்த வருடத்தின் நல்ல வரையறை அதுதான். (அதே கையால் அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டதும், அவள் அம்மா என்னிடம் பேசியதும் இந்த அறிக்கைக்கு வேண்டாம்.)

அடுத்தது ஸ்டார்ச். சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக நடத்துவதே வெட்கம், பாதி வீட்டில் யாராவது ஒருவர் சேகோ மில்லில் வேலை பார்த்திருப்பார்கள். ஒரு தகப்பனார் மரவள்ளிக் கிழங்கு அரைத்த பாலை ஒரு கேனில் கொண்டுவந்தார், கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் அடியில் வெள்ளையாகப் படிந்து மேலே தண்ணீர் தெளிந்தது. அதை வடித்து, காயவைத்து, உருட்டி, வறுத்தால் ஜவ்வரிசி என்று அவர் சொல்லச் சொல்ல, வண்டல் படிதல், தெளிய வைத்து இறுத்தல் என்று புத்தகத்தில் இருந்த வார்த்தையெல்லாம் பிள்ளைகளே எடுத்துக் கொடுத்தார்கள். அப்புறம் மெடிக்கலில் வாங்கிய அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டோம். சோறு, உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி எல்லாம் கருநீலம், வெல்லமும் உப்பும் மாறவில்லை.

இந்த இடத்தில்தான் சொட்டுக்குழாயை யாரோ உதற, பொருளாளரின் வேட்டியில் நாலைந்து சொட்டு விழுந்தது. அயோடின் பழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி போட்ட வேட்டி அல்லவா, விழுந்த இடமெல்லாம் கருநீலம்! பிள்ளைகளுக்கு அவர் வேட்டியில் ஸ்டார்ச் இருப்பது அன்றைக்கு நிரூபணமாகிவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எலுமிச்சையை எடுத்துவந்து கறை மேல் பிழிந்தாள். கறை மெதுவாக வெளிறி, கழுவியதும் இருந்த இடம் தெரியவில்லை. எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி அயோடினை நிறமில்லாத அயோடைடாக மாற்றிவிடுகிறது. அது அவளுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். "இல்ல சார், மஞ்சளுக்கு எலுமிச்சை விட்டா போச்சே, இதுக்கும் போகும்னு நினைச்சேன்" என்றாள். காரணம் வேறு, வேலை நடந்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டு காரணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தேடிப் படித்த அரை மணி நேரம் யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

வகுப்பு சரிப்பட்ட வழி எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நன்றாக உறைத்தது வெள்ளைக்கல் வந்த அன்றுதான்.

மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் குடியிருக்கும் பையன் ஒருவன் கை நிறைய வெள்ளைக்கல் கொண்டுவந்திருந்தான். ஸ்டேஷனுக்கே அந்தக் கல்லின் பெயர்தான், அது நமக்கெல்லாம் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரியவர்களிலேயே பாதிப் பேர் சுண்ணாம்பு என்பார்கள். ஆங்கிலேயர்களும் அப்படித்தான் நினைத்தார்களோ என்னவோ, அந்தக் குன்றுகளுக்கு சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். நான் படித்தது கணிதம், வேதியியல் எனக்கு ப்ளஸ் டூவோடு சரி. ஆனாலும் தைரியமாக, "கார்பனேட் எதுவாக இருந்தாலும் அமிலம் பட்டால் பொங்கும்" என்று போர்டில் எழுதிவிட்டேன். மூன்று தட்டு வைத்தோம். முட்டை ஓட்டில் வினிகர் விட்டதும் ஓடு முழுக்க சின்னச் சின்ன முத்துக் கட்டியது. சங்ககிரியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல்லிலும் குமிழி வந்தது. வெள்ளைக்கல் அப்படியே உட்கார்ந்திருந்தது. "வினிகர் பத்தலை சார்" என்று ஒருவன் இன்னும் ஊற்றினான். பாட்டிலே காலியானது, கல் குளித்ததுதான் மிச்சம். சந்தேகத்தில் சாக்பீஸை நனைத்தால் அதுவும் பொங்கவில்லை, ஆனால் அது வேறு கதை, இப்போது வரும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கார்பனேட்டே இல்லை, சல்பேட். போர்டில் என் கையெழுத்தில் இருந்த வாக்கியத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

வழக்கமாக இப்படி ஆனால் நாம் என்ன செய்வோம், "பரவாயில்லை, அடுத்த சோதனைக்குப் போகலாம்" என்போம். அன்று அப்படிச் செய்யாமல், "புத்தகம் தப்பா, கல் தப்பா, நான் தப்பா, கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். வகுப்பு அந்த வாரத்தில்தான் மாறியது. நூலகத்தில் கனிமங்களைப் பற்றிய புத்தகத்தை இரண்டு பேர் சண்டை போட்டு எடுத்திருக்கிறார்கள். விடை இதுதான்: நம் கல் மக்னீசியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். இரண்டும் கார்பனேட்தான், ஆனால் மக்னசைட் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பொங்காது, பொடித்துச் சூடாக்கினால்தான் வேலை செய்யும். நிலவியல்காரர்கள் கல்லைப் பிரித்துச் சொல்வதற்கே இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, புத்தகம் சரி, கல்லும் சரி. போர்டில் "எதுவாக இருந்தாலும்" என்ற இரண்டு வார்த்தையைப் பிள்ளைகள் முன்னாலேயே அழித்தேன்.

அடுத்த ஞாயிறு கல்லை இரும்பு உரலில் மாவாக இடித்தார்கள். நம் உறுப்பினரான வேதியியல் ஆசிரியர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தானே கையாண்டார், பிள்ளைகள் இரண்டடி தள்ளி. சோதனைக் குழாயை வெந்நீரில் நிறுத்திவைத்தார். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் தேநீர் கொதிக்கத் தொடங்கும்போது பாத்திரத்தின் ஓரத்தில் வருமே, அந்த மாதிரி ஊசிமுனைக் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறின. வாயுவைக் குழாய் வழியே தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் விட்டோம், கார்பன் டை ஆக்ஸைடு என்றால் தண்ணீர் பால் மாதிரி ஆகும். அப்படியே ஆனதும் கல் கொண்டுவந்த பையன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆத்தா எட்டிப் பார்த்தார்.

அதோடு விடவில்லை. அணு எடையில் மக்னீசியம் 24, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்றுக்கு 48, மொத்தம் 84. சுட்டால் கார்பன் டை ஆக்ஸைடாக 44 போய்விடும், மிச்சம் 40. அப்படியானால் சுத்தமான கல் 100 கிலோ சுட்டால் ஏறக்குறைய 48 கிலோதான் நிற்கும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த, சூளையில் வேலை பார்த்த ஒரு பெரியவர், "ஆமாங்க, சுட்டா பாதிக்குப் பாதி போயிரும், லோடு ஏத்தறவங்களுக்கு அது தெரியும்" என்றார். மிஞ்சுகிற மக்னீசியம் ஆக்ஸைடு உருக 2,800 டிகிரி வேண்டும், அதனால்தான் எஃகு உலைக்கு உள்பக்கம் வைக்கும் செங்கல்லுக்கு அதைக் கொண்டுபோகிறார்கள் என்று ஆசிரியர் அதைத் தொடர்ந்தார்.

அதிலிருந்து எங்கள் வரிசை இதுதான்: கொஞ்சம் செய்வது, எங்காவது மாட்டிக்கொள்வது, படிப்பது, மறுபடி செய்வது. மாட்டிக்கொள்ளாத வாரம் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுண்ணாம்புத் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதச் சொன்னபோது ஒரு சின்னவன் உறிஞ்சிவிட்டான், உடனே வாய் கொப்பளிக்க வைத்தோம், ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஸ்ட்ராவின் மேல்பக்கம் ஊசியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிறோம், உறிஞ்சினால் காற்றுதான் வரும். பால் மாதிரி ஆன பிறகும் விடாமல் ஊதினால் மறுபடி தெளிகிறது என்பதையும் ஒருத்தி வம்புக்கு ஊதியே கண்டுபிடித்தாள்.

கறுத்த வெள்ளிக் கொலுசை அலுமினியத் தாளில் வைத்து, ஆப்ப சோடா கலந்த வெந்நீர் ஊற்றினோம். அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்து, கறுப்பு போய்விட்டது. கறுப்பு என்பது வெள்ளி சல்பைடு, தேய்த்து எடுத்தால் அதில் இருக்கும் வெள்ளியும் சேர்ந்து போகும், இந்த முறையில் கந்தகம் மட்டும் அலுமினியத்துக்குப் போய் வெள்ளி கொலுசிலேயே தங்கும். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், "இது தெரிஞ்சா எங்க பாலீஷ் வேலை என்ன ஆவறதுங்க?" என்று சிரித்தார். கல் வைத்த நகையை இதில் போடக்கூடாது என்றும் அவர்தான் எச்சரித்தார்.

ஏற்காட்டுப் பயணம். அடிவாரத்தில் கொதிக்கும் தண்ணீரில் தெர்மாமீட்டர் 99 காட்டியது, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரிக்கரை ஓரமாகக் கொதிக்கவைத்தால் 95. காற்றழுத்தம் குறையக் குறைய, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. முதல் வளைவிலேயே வாந்தி எடுத்த இருவருக்கு இந்த உண்மை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நம்மிடம் இரண்டு தெர்மாமீட்டர் இருக்கிறது, ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி வித்தியாசம். அதனால் ஒன்றையே மேலேயும் கீழேயும் பயன்படுத்தினோம். சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் பந்து மாதிரி உப்பியதைப் பார்த்து, அதையும் "ஆய்வுப் பொருள்" என்று மன்றக் கணக்கில் எழுதச் சொன்னார்கள். பொருளாளர் எழுதவில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். வகுப்புக்கு இடம் தருகிறேன் என்ற ஒரு பள்ளி, முதல் வாரம் முடிந்ததும் "கெமிக்கல் வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டது. நாம் வைத்திருந்தது எலுமிச்சையும் மஞ்சளும். சரி, பயம் புரிகிறது, ஆபத்து அவர்கள் வீட்டுக் கழிவறையில்தான் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆகாது. அதனால் வருடத்தின் முதல் வாசிப்புப் பாடமே வீட்டில் இருக்கும் பாட்டில்களின் லேபிளைப் படிப்பது என்று வைத்தோம். மயில்துத்தத்தில் ஆணியைப் போட்டுச் செம்பு படிய வைக்கும் சோதனை அழகானதுதான், ஆனால் அது விஷம் என்பதால் அதையும் ஆசிரியர் கையில் மட்டும்தான் விட்டோம். அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில் அமிலத்தை ஊற்று என்பதைப் பிள்ளைகள் இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

அடுத்த வருடத்துக்குக் கேட்பது இவ்வளவுதான். மூடியோடு காலி ஊறுகாய் பாட்டில்கள், சமையல் தராசு ஒன்று, சரியாகக் காட்டுகிற தெர்மாமீட்டர் ஒன்று. கஞ்சமலை ஓடையில் காந்தத்தை இழுத்தால் ஒட்டுகிற கறுப்பு மணலை யாராவது இரண்டு கிலோ கொண்டுவந்தால் நல்லது, இரும்பை அங்கிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறோம். அலமாரிச் சாவி பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் இருக்கிறது, அவருக்கும் இப்போது சுண்ணாம்புத் தண்ணீர் தெளியவைக்கத் தெரியும்.

இப்படிக்கு,
செயலாளர்