வலசைச் செய்தியில் எண்ணூரையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலசைப் பறவைகள் வந்திறங்கியதைப் பற்றி இந்த வருஷமும் உங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். பழவேற்காடு இருந்தது, பள்ளிக்கரணை இருந்தது, வேடந்தாங்கல் இருந்தது. சந்தோஷம். ஆனால் பழவேற்காட்டுக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் நடுவே எண்ணூர் கழிமுகம் என்று ஒன்று இருக்கிறது, அங்கேயும் இதே பறவைகள்தான் இறங்குகின்றன, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எண்ணெய் கொட்டினால் அல்லது வாயு கசிந்தால் மட்டும்தான் எங்கள் பகுதி பேப்பரில் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம் இது. பக்கிங்காம் கால்வாய் வழியாக வடக்கே பழவேற்காடு ஏரியோடு தொடர்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் உப்புக்கொத்தி, பவளக்காலி, பச்சைக்காலி, கோட்டான் (ஆந்தை இல்லை, கரைப்பறவை) எல்லாம் வடக்கேயிருந்து, சில சைபீரியா வரை தொலைவிலிருந்து, வந்து சேர்ந்துவிடும். வெயில் ஏறும்போது திரும்பிவிடும். வற்றம் விட்டு, அதாவது கடல் தண்ணீர் உள்வாங்கி, சேறு தெரிகிற நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கோட்டான் தன் வளைந்த நீள மூக்கைக் கண் வரைக்கும் சேற்றுக்குள் விட்டு ஒரு குட்டி நண்டை இழுத்தெடுக்கும். உடனே விழுங்காது. உதறி உதறிக் கால்களைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்புறம்தான் விழுங்கும்.

அதற்குக் கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் இறால் தடவுவார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் அடிமண்ணில் விரித்துத் தடவிக்கொண்டே நகர்வார்கள், கையில் இறால் தட்டியதும் அமுக்கிப் பிடித்துப் பறியில் போடுவார்கள். அவர்களைக் கண்டு பறவைகள் பறப்பதில்லை. நாம் கேமராவோடு கரையில் இறங்கினால்தான் பறக்கின்றன.

வலசை என்றதும் நமக்கு வானம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் அந்த இறாலும் வலசை போகிற உயிர்தான். கடலில் முட்டையிடும். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிற குஞ்சு ஏற்றத் தண்ணீரோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, அலையில்லாத இந்தச் சேற்றில் சில மாதம் வளர்ந்து, மறுபடியும் கடலுக்குப் போகும். மடவை மீனும் கடலுக்கும் ஆற்றுக்கும் இப்படி நடக்கிற மீன்தான். முகத்துவாரம் மண் மூடினால், அடிமண் கெட்டால், இந்தப் போக்குவரத்து நின்றுவிடும், கடலில் இறங்கித் தொழில் செய்பவர்களுக்கும் அந்த அளவுக்கு இறால் குறையும். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆட்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு அது தொழில்.

அந்த அடிமண்தான் இன்று கெட்டுக் கிடக்கிறது. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் வருஷக்கணக்கில் ஒழுகி ஒழுகி, ஆற்றின் அடியில் சாம்பல் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. ஒரு காலத்தில் ஆள் மூழ்கும் ஆழம் என்று பெரியவர்கள் சொல்கிற இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் கரைப்பறவைக்கு நல்லதுதானே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சேறாக இருந்தால் நல்லதுதான். இறுகிய சாம்பலில் புழுவும் இல்லை, நண்டும் இல்லை, அத்தனை தூரம் பறந்து வந்த பறவை எதைத் தின்னும்? இது போதாதென்று காக்கா ஆழி வேறு. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி இனம், கப்பல்கள் நிலையாக நிற்க நிரப்பிக்கொள்கிற பாலாஸ்ட் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள், ஆற்றின் அடியைப் பாய் விரித்தாற்போல மூடிக்கொள்கிறது. அதன் கீழே இறால் புதைய முடியாது, கை வைத்துத் தடவுகிற பெண்ணுக்கு விரல் கிழிகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உடம்பெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களின் படம் இந்தியா முழுக்கப் போனது. அந்த எண்ணெயை அள்ளியது யார்? மீனவர்கள்தான், குவளையும் வாளியும் வைத்து, படகில் உட்கார்ந்து, வெறுங்கையால். வலையும் படகும் வீணாகி, தோல் அரித்து, மூச்சு முட்டியும் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் கடற்கரையில் வாளியால்தான் அள்ளப்பட்டது. இடையில் கிடைத்த கிட்டத்தட்ட ஏழு வருஷத்தில் நாம் வாளியைத் தாண்டி எதையும் தயாராக வைத்திருக்கவில்லை என்பதை நினைத்தால் கோபம் வருகிறது.

தென்சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். அருமையான வேலை, அதற்குரிய மரியாதையும் கிடைத்திருக்கிறது. வடக்கே கழிமுகத்தைக் காக்கிறவர்களை மட்டும் 'போராட்டக்காரர்கள்' என்று எழுதுகிறோம். சாம்பல் கழிவுக்கு எதிராகத் தீர்ப்பாயத்துக்குப் போனவர்களில் காட்டுக்குப்பம் மீனவரும் உண்டு. 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கழிமுகத்தைச் சீரமைக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. நிலக்கரி கன்வேயருக்காக ஆற்றுக்குள் மண் கொட்டியபோது தண்ணீரில் இறங்கி நின்றவர்களும் இவர்கள்தான். இவர்கள் தடுக்காமல் விட்டிருந்தால் இன்று பறவை இறங்க இடமே இருந்திருக்காது.

அப்புறம் அந்த வரைபடம். மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் கொடுத்த கடற்கரை மண்டல வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் எண்ணூர் கழிமுகம், கட்டுமானம் கூடாத பகுதி என்று தெளிவாக இருக்கிறது. 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மூலம் வெளியே வந்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணவில்லை! தண்ணீர் இருக்கிறது, மீன் இருக்கிறது, குப்பத்து ஜனங்கள் இருக்கிறார்கள், காகிதத்தில் மட்டும் இல்லை. எந்தக் காகிதத்தை வைத்து அனுமதி கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கோட்டானின் அடுத்த வருஷமும் இறால் தடவுகிற பெண்ணின் அடுத்த வேளையும்.

என் கோரிக்கை பெரிதில்லை. 1996 வரைபடத்தின் எல்லையை நிலத்தில் கல் நட்டுக் காட்ட வேண்டும், எல்லோரும் பார்க்கிற மாதிரி. வனத்துறை நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் எண்ணூரில் குப்பத்து ஆட்களைக் கூலி கொடுத்துச் சேர்க்க வேண்டும். எந்தத் திட்டில் எது, எந்த நேரத்தில் இறங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சாம்பலை எடுக்கிறோம், காக்கா ஆழியை எடுக்கிறோம் என்று வேலை தொடங்கும்போது எங்கே தோண்டுவது, எங்கே கை வைக்கக்கூடாது என்பதையும் அவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சரி, இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பறவைகள் திரும்பிப் போவதற்குள் ஒரு நிருபரை அனுப்புங்கள். எந்த நாள் வற்றம் நன்றாக விடும் என்று காட்டுக்குப்பத்தில் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், படகு அங்கேயே கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எர்ணாவூர், சென்னை