பொதுச்செயலாளரின் கையெழுத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநிலத் தலைவர் ஒருவர் மறையும்போதும், அவருக்கு நூற்றாண்டு வரும்போதும் வெளியாகும் வாழ்க்கைக் குறிப்புகளில், எத்தனை முறை எம்.எல்.ஏ., எந்தத் துறைக்கு அமைச்சர் என்பதெல்லாம் ஆண்டு பிசகாமல் இருக்கும். கட்சிப் பொறுப்புக்கு மட்டும் ஒரே வரிதான். அந்தப் பொறுப்பில் இருந்துகொண்டு அவர் என்ன செய்தார் என்பது வருவதேயில்லை. இது பெரிய குறை.

பேராசிரியர் க. அன்பழகனையே எடுத்துக்கொள்வோம். 1957இல் எழும்பூரில் வென்று சட்டமன்றத்துக்கும், 1967இல் திருச்செங்கோட்டில் வென்று மக்களவைக்கும் போனவர். சுகாதாரம், கல்வி, நிதி என்று துறைகளைப் பார்த்த காலம் மொத்தமாகச் சேர்த்தாலும் இருபது ஆண்டைத் தொடாது. தி.மு.க. பொதுச்செயலாளராக இருந்ததோ 43 ஆண்டுகள்: நெடுஞ்செழியன் விலகிய 1977இலிருந்து, 2020 மார்ச் 7இல் மறையும்வரை. அண்ணா வகித்த பொறுப்பு அது. அந்தக் கட்சியில் தலைவர் நாற்காலி 1969 வரை பெரியாருக்கென்று காலியாகவே விடப்பட்டிருந்தது. ஒழுங்கு நடவடிக்கை அறிவிப்புகளும் பொதுச்செயலாளர் பெயரில்தான் வரும். 2014 ஜனவரியில் மு.க. அழகிரி தற்காலிகமாக நீக்கப்பட்டபோதும், தலைவரின் மகன் என்பதற்காக அந்த நடைமுறை மாறவில்லை.

இன்னும் முக்கியமானது நீதிமன்றப் பணி. ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றக் கோரி உச்ச நீதிமன்றம் போனவர் அன்பழகன். மறுபடி அழைக்கப்பட்ட அரசுத் தரப்பு சாட்சிகள் 76 பேரில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கியிருந்தனர். வழக்கில் தொடர்பில்லாத அரசியல் எதிரி இப்படி மனுப்போட முடியுமா என்ற கேள்வி எழுந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 406ஆவது பிரிவு, அட்டர்னி ஜெனரலுக்கும் 'அக்கறையுள்ள தரப்பு'க்கும்தான் அந்த உரிமையைத் தந்திருந்தது. எதிர்க்கட்சியினரும் அதில் அடங்குவர் என்று ஏற்று, 2003 நவம்பர் 18இல் வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. தண்டனையை எதிர்த்து ஜெயலலிதா செய்த மேல்முறையீட்டில் அரசு வழக்கறிஞர் நியமனம் செல்லாது என்று 2015 ஏப்ரலில் தீர்ப்பு வந்ததும் அவருடைய மனுவில்தான். அவர் அமைச்சராகக் கையெழுத்திட்ட எந்தக் கோப்பையும்விடத் தமிழக அரசியலைத் திருப்பியவை இந்த மனுக்கள் என்பது என் உறுதியான கருத்து.

கட்சி நிர்வாகியின் கையெழுத்துக்கு எவ்வளவு எடை என்பதற்கு 'ஏ', 'பி' படிவங்களைப் பார்த்தாலே போதும். சின்னம் ஒதுக்கப் பரிந்துரைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை, அவருடைய மாதிரிக் கையெழுத்தோடு தெரிவிப்பது 'ஏ'. வேட்பாளர் யார், மாற்று வேட்பாளர் யார் என்று அவர் எழுதித் தருவது 'பி'. இரண்டும் மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். மையால் இட்ட கையெழுத்தாக இருக்க வேண்டும். ரப்பர் முத்திரையும் தொலைநகலும் செல்லாது. தவறினால் சின்னம் போகும். சில நேரம் வேட்புமனுவே போய்விடும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பதுதான் காரணம்.

2022 ஜூலையில் நடந்த உள்ளாட்சி இடைத்தேர்தலில், ஒருங்கிணைப்பாளர் ஓ. பன்னீர்செல்வமும் இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடி பழனிசாமியும் சேர்ந்து கையெழுத்திடாததால் அ.தி.மு.க.வினருக்கு இரட்டை இலை கிடைக்கவில்லை. இருவருக்கும் இடையிலான தலைமைச் சண்டை தீராததால், மறு ஆண்டு ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலுக்கு, பொதுக்குழு உறுப்பினர்களின் முடிவை அவைத்தலைவர் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றமே இடைக்கால ஏற்பாடு செய்து தர வேண்டியிருந்தது. ஒரு நிர்வாகியின் பொறுப்பு செல்லுமா செல்லாதா என்பதில் இத்தனை தொண்டர்களின் உழைப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது.

எனவே, குறிப்பு எழுதுபவர்கள் ஒன்றியச் செயலாளர் காலத்திலிருந்தே கட்சிப் பொறுப்புகளை ஆண்டுகளோடு தர வேண்டுகிறேன். உட்கட்சித் தேர்தலில் வென்றாரா, போட்டியின்றி வந்தாரா, தலைமை நியமித்ததா என்பதும் வேண்டும். அப்போது கட்சியின் விதிகள் அந்தப் பொறுப்புக்கு என்ன அதிகாரம் தந்திருந்தன என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால், இன்றைய விதிப் புத்தகத்தை வைத்துப் பழைய காலத்தை எழுதினால் பிழை வரும். அந்தந்த ஆண்டின் பொதுக்குழுத் தீர்மானங்களைக் கட்சி ஏடுகளின் பழைய இதழ்களில் பார்த்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்