பித்தளை ஃபில்டருக்கு எவர்சில்வர் குறிப்புச் சீட்டு: என் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்களிடம் ஆன்லைனில் வாங்கிய பித்தளை காபி ஃபில்டரின் உள்பக்கத்தில் மஞ்சள் தெரிகிறது என்று ஏற்கெனவே புகார் செய்தேன். "அது காபிக் கறைதான், நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்" என்று ஒரு வரி பதில் போட்டுப் புகாரை முடித்துவிட்டீர்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன், தயவுசெய்து இந்த முறை வீட்டில் ஃபில்டர் காபி போடுகிற யாரிடமாவது இதைக் கொடுங்கள்.

ஃபில்டரை ஒரேயடியாகக் குறை சொல்லவில்லை. துளைகள் நல்ல சன்னம், டிகாக்‌ஷன் நிதானமாக இறங்குகிறது, காபி கள்ளிச்சொட்டாட்டம் இருக்கிறது. பிரச்சினை உள்பக்கத்தில். "உள்ளே ஈயம் பூசியது" (பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம்தான்) என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள், அதை நம்பித்தான் எவர்சில்வரை விட்டுவிட்டு இவ்வளவு விலை கொடுத்தேன். சில வாரம்கூடத் தாங்கவில்லை, கீழ்ப் பாத்திரத்தின் அடியில், ராத்திரி போட்ட டிகாக்‌ஷன் விடியும்வரை நிற்கிற இடத்தில், மஞ்சள் தெரிய ஆரம்பித்துவிட்டது. காபிக் கறை என்றால் பழுப்பாக இருக்கும், சமையல் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்தால் விட்டுவிடும். இது துடைக்கத் துடைக்கப் பளபளக்கிறது, ஏனென்றால் அது பித்தளை. காபியில் அமிலம் உண்டு, பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும், காபியும் பித்தளையும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்றுதானே ஈயமே பூசுவது? எங்கள் பகுதியில் ஈயம் பூசுகிறவரிடம் காட்டினேன். நவச்சாரம் போட்டு முறையாகப் பூசின ஈயம் இவ்வளவு சீக்கிரம் போகாது, இது பேருக்கு ஏற்றிய மெல்லிசு முலாம் என்றார். படங்களை இணைத்திருக்கிறேன்.

இதையாவது தயாரிப்புக் கோளாறு என்று விடலாம். பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்களே ஒரு பராமரிப்புச் சீட்டு, அதை என்ன சொல்ல? துளை அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தை நேராக அடுப்புத் தீயில் காட்டி, அடைத்த தூளை எரிக்க வேண்டுமாம். எவர்சில்வருக்கு இது சரி, எங்கள் வீட்டுப் பழைய ஃபில்டருக்கு அப்படித்தான் செய்வோம். ஆனால் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், காலிப் பாத்திரம் காஸ் தீயில் அந்தச் சூட்டை எட்ட நேரமே ஆகாது. அடுத்த வரி, கம்பி நாரால் தேய்க்கவும். சீட்டின் அடியில் பார்த்தால் உங்கள் எவர்சில்வர் மாடலின் எண் அச்சாகியிருக்கிறது! நான் இதில் எதையும் செய்யவில்லை. முதல்முறை பித்தளை வாங்குகிறவர்கள் நம்பிச் செய்வார்கள், அப்புறம் உங்களிடம் வந்தால் தீயில் காட்டியது உங்கள் தவறு என்பீர்கள், இல்லையா?

பித்தளை ஃபில்டருக்கான சீட்டில் நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: வெளியே புளி போட்டு விளக்கலாம், உள்ளே மெல்லிய துணி மட்டும். தூளைத் தட்டிய கையோடு வெந்நீரில் அலசி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடைத்த துளை தெரியும், மேல் பாத்திரத்தைக் கவிழ்த்துக் குழாய்த் தண்ணீரை வேகமாக விட்டால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

எனக்குப் பணம் முழுவதும் திரும்ப வேண்டும், அனுப்பும் செலவு உட்பட. அடுத்த முறைக்கான கூப்பன் வேண்டாம். முலாம் பூசியதை ஈயம் பூசியது என்று விற்பதை நிறுத்துங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சரியான சீட்டை அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி உங்கள் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன்.

பில், பெட்டி, அந்தச் சீட்டு எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஃபில்டரை எடுத்துப்போக ஆள் அனுப்புவதானால் முன்னதாகச் சொல்லிவிட்டு அனுப்புங்கள், பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை.